டிஸ்க்குக்கு ஒரு கறுப்புப் பொட்டு

எங்கள் புளோக்கில் பாத்திரம் வெறுமையாகத் திரும்பாது. சிங்கப்பூரின் மார்சிலிங்கில் நாங்கள் இருந்த அடுக்குமாடியின் ஐந்தாம் மாடியில், பக்கத்து வீட்டு அக்கா சாம்பார் கொடுத்த கிண்ணத்தைக் கழுவி அப்படியே நீட்டினால் அது மரியாதை இல்லை. நாலு வாழைப்பழம், ஒரு கைப்பிடி சீனி, கிறிஸ்துமஸ் சமயமானால் அச்சுமுறுக்கு, ஏதாவது ஒன்று உள்ளே இருக்க வேண்டும். அவர்கள் முருகனைக் கும்பிடுகிறவர்கள், நாங்கள் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். இந்த விஷயத்தில் மட்டும் இரண்டு வீட்டுக்கும் ஒரே சட்டம். அந்தச் சட்டம் ஒருமுறை என் வேலைக்கே உலை வைக்கப் பார்த்தது.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில். ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் ஓரிடத்தில் உட்கார முடியாது. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று கல்யாணமான மாதத்திலேயே என் வீட்டுக்காரர் கண்டுபிடித்துவிட்டார். அவர் ஒரு பள்ளிக்கூடத்தின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர். அமிலப் போத்தல்களோடு பழகிப் பழகி நிதானம் வந்தவர். நான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். எழுபதுகளின் நடுவில் சேர்ந்தேன். டைப்ரைட்டரில் ரிப்பன் தேயும், இரண்டு எழுத்து பின்னிக்கொள்ளும், விரலில் மை படியும். அதற்குத் தொற்று வியாதி வந்ததாக மட்டும் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

எண்பதுகளின் கடைசியில் அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது. மேலாளர் டைப்பிஸ்டுகள் ஆறு பேரையும் கூப்பிட்டு, கம்ப்யூட்டர் படித்துச் சான்றிதழ் வைத்திருப்பவர்கள் புதிய பிரிவுக்குப் போகலாம், மற்றவர்களைப் பற்றிப் பிறகு பார்ப்போம் என்றார். பிறகு பார்ப்போம் என்றால் என்ன பொருள் என்று எங்களுக்குத் தெரியாதா? அன்று மதியம் ஆறு பேரில் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

தேக்கா மார்க்கெட்டுக்குப் பின்னால், ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் மாலை வகுப்பு நடந்தது. வாரத்தில் இரண்டு நாள். வேலை முடிந்து ஓடுவேன். கீழே பூக்கடைகளில் மல்லிகை கட்டிக்கொண்டிருப்பார்கள், மேலே நான் வேர்க்க வேர்க்கக் கட்டளைகளை மனப்பாடம் செய்துகொண்டிருப்பேன். வீட்டிலும் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினோம். டிஸ்க் செருக இரண்டு வாய், முதலாவது ஏ, இரண்டாவது பி. அதற்குள்ளேயே எதையும் சேமித்துவைக்க வழியில்லை. எல்லாம் டிஸ்க்கில்தான். அந்தக் காலத்து டிஸ்க் கறுப்பு உறைக்குள் அப்பளம் மாதிரி இருக்கும். வளைத்தால் போச்சு.

படிப்பின் முடிவில் ஒவ்வொருவரும் ஒரு புரோகிராம் எழுதி, சோதனைக்கு வருகிறவர் முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும். ஓடினால் சான்றிதழ், ஓடாவிட்டால் இல்லை. நான் எங்கள் பங்குக் கோயிலின் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு பதிவேடு செய்தேன். எந்த புளோக், வீட்டில் எத்தனை பேர், யாருக்கு எப்போது ஞானஸ்நானம், எப்போது கல்யாணம், எல்லாம் ஒரு பொத்தானில் வந்து நிற்கும். நூற்றுச் சொச்சம் குடும்பங்களையும் நானே உட்கார்ந்து அடித்தேன். விடியற்காலையில் எழுந்து வேலைக்குப் போகும்வரை, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து பொழுது சாயும்வரை, நான்கு மாதம் இதே வேலை. அசல் டிஸ்க் ஒன்று, காப்பி ஒன்று, இரண்டும் என் கைப்பையில் இரண்டு அட்டைகளுக்கு நடுவே.

அந்த இரண்டு டிஸ்க்குகளையும் நான் பொத்திக் காத்த கதையைச் சொன்னால் சிரிப்பீர்கள். காந்தம் ஆகாது என்றார்கள், அதனால் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த பொம்மைகளைக்கூடப் பிடுங்கிக் குப்பையில் போட்டேன். மழை என்றால் பையை வயிற்றோடு அணைத்து, குடையை எனக்குப் பிடிக்காமல் பைக்குப் பிடிப்பேன். பஸ்ஸில் பக்கத்தில் யாராவது சாய்ந்தால் முறைப்பேன்.

"புள்ளத்தாச்சி மாதிரி போற லா," என்பார் வீட்டுக்காரர்.

"உங்களுக்கு எல்லாம் கேலி. வேல போனா தெரியும்," என்பேன்.

பக்கத்து வீட்டு அக்காவின் கணவர் உட்லண்ட்ஸ் பக்கம் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் டெக்னீஷியன். அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவரிடமும் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. நான் கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில், கடிதம் அடிக்கும் புரோகிராம் உள்ள டிஸ்க் ஒன்றைக் கேட்டார், கொடுத்தேன். இரண்டு நாளில் அக்கா கொண்டுவந்து கொடுத்தார்.

"வெறுமையா குடுக்கக் கூடாதுல்ல, அதான் அண்ணன் உள்ள ஒரு கேம் போட்டுருக்காரு," என்றார்.

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அன்றிலிருந்து டிஸ்க்கும் எங்களுக்கு ஒரு பாத்திரமாகிவிட்டது. அவர்கள் வீட்டிலிருந்து ஒரு கேம் வந்தால், எங்கள் வீட்டிலிருந்து வகுப்பில் காப்பி எடுத்த காலண்டர் போகும். செங்கல் சுவரை உருண்டையால் உடைக்கும் அந்த முதல் கேமை என் வீட்டுக்காரர் மாதக்கணக்கில் விளையாடினார். அவ்வளவு நிதானமான மனிதர், அதில் மட்டும் தோற்றால் மேசையைத் தட்டுவார்.

சனிக்கிழமை சோதனை. அதற்கு முந்தைய புதன்கிழமை காலை, கடைசிக் குடும்பங்களை அடித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் திரையின் ஓரத்தில் ஒரு சின்னப் புள்ளி எழுந்தது. எழுந்து குறுக்கே ஓடியது. விளிம்பில் மோதித் திரும்பி, நான் அடித்த பெயர்களின் மேலெல்லாம் குதித்துக்கொண்டு போனது. நான் விசைப்பலகையைத் தொடவே இல்லை, அது பாட்டுக்கு ஓடுகிறது.

"மாதாவே! ஏங்க, இங்க வாங்க!"

அவர் பல் விளக்கிக்கொண்டே வந்து பார்த்தார். "அழகா ஓடுதே," என்றார்.

அப்படியே அவர் தலையில் எதையாவது போடலாம் போலிருந்தது. மெஷினை அணைத்துவிட்டு வேலைக்கு ஓடினேன். அலுவலகத்திலிருந்து என்னோடு வகுப்பில் படிக்கும் ஒருத்திக்குப் போன் செய்தேன். அவளுக்கு எல்லாம் தெரியும், தெரியாததும் தெரியும்.

"ஐயோ, அது வைரஸ் லா! டிஸ்க் விட்டு டிஸ்க் ஒட்டும். கண்டவங்க டிஸ்க்க போட்டியா?"

"பக்கத்து வீட்டு கேம் ஒண்ணு இருக்கு."

"அதான்! கேம்லதான் வரும். இருக்கிற டிஸ்க்கயெல்லாம் ஃபார்மேட் பண்ணிடு, எல்லாம் செத்துப்போகும்."

ஃபார்மேட் என்றால் டிஸ்க்கைச் சுத்தமாகத் துடைத்துப் புதிதாக்குவது. வைரஸ் போகும், இருப்பதும் போகும். அது எனக்கும் தெரியும். அன்று முழுக்க மண்டைக்குள் அந்தப் புள்ளி ஓடிக்கொண்டே இருந்தது. மாலை பஸ்ஸில் உட்கார இடமிருந்தும் நின்றுகொண்டே வந்தேன். மார்சிலிங் வருவதற்குள் வழக்கை விசாரித்து, தீர்ப்பும் எழுதிவிட்டேன். குற்றவாளி அண்ணன்.

அக்கா காரிடாரில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"உங்க வீட்டு கேம் என் பொழப்பையே கெடுத்துடுச்சுக்கா! நாலு மாசம், நாலு மாசம் உயிரக் குடுத்து அடிச்சிருக்கேன். அண்ணனுக்கு வெளையாட்டு, எனக்கு வேல! இனிமே உங்க வீட்டு டிஸ்க் எதுவும் எங்க வீட்டுக்கு வரவேணாம்!"

எதிர் வீட்டு மலாய்க்காரம்மா கதவைத் திறந்து பார்த்துவிட்டு மெதுவாக மூடிக்கொண்டார். அக்கா கையில் ஈரச் சட்டையோடு என்னையே பார்த்தார். "சரிம்மா," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். சண்டை போட்டிருந்தாலாவது என் சூடு தணிந்திருக்கும். அந்த 'சரிம்மா' என்னை இன்னும் கிளப்பிவிட்டது.

அதே வேகத்தில் மெஷின் முன்னால் உட்கார்ந்தேன். என் கணக்கு இதுதான்: முதலில் காப்பி டிஸ்க்கைத் துடைப்பது, பிறகு அசலில் உள்ளதை இந்தச் சுத்தமான டிஸ்க்குக்கு மாற்றுவது, கடைசியில் அசலைத் துடைப்பது. ஏ வாயில் காப்பியைப் போட்டு ஃபார்மேட் செய்தேன். முடிந்தது. அதை எடுத்துவிட்டு, மாற்றுவதற்குத் தயாராக ஏ வாயில் அசலைப் போட்டேன். திரையில் ஒரு கேள்வி நின்றது. இன்னொரு டிஸ்க்கையும் ஃபார்மேட் செய்யவா, ஆமா இல்லையா? அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர், "பாவம், அக்காகிட்ட அப்படிப் பேசியிருக்க வேணாம்," என்றார். நான் அவர் பக்கம் திரும்பிக் கத்த ஆரம்பித்தேன். வாய் அங்கே கத்துகிறது, என் டைப்பிஸ்ட் விரல் இங்கே 'ஆமா' எழுத்தைத் தட்டி, அடுத்த பொத்தானையும் தட்டிவிட்டது.

டிஸ்க் கரகரவென்று சுற்றியது. எனக்குப் புரிவதற்குள் பாதி போய்விட்டது. பிடுங்கி எடுத்தேன். எடுத்து என்ன பிரயோசனம்? மறுபடி போட்டுப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. நூற்றுச் சொச்சம் குடும்பங்கள், அவர்கள் பெற்ற பிள்ளைகள், நான்கு மாத விடியற்காலை, எல்லாவற்றையும் துடைத்தது வைரஸ் இல்லை. நான்தான்.

ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்கு அன்று மட்டுக்குக்கூட இல்லை. தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என் புருஷன் நல்லவர், சொன்னேனே என்று சொல்லவில்லை. மெதுவாகக் கேட்டார்.

"போன மாசம் அண்ணன் டிஸ்க்கத் திருப்பிக் குடுக்கிறப்ப, நீ உள்ள ஏதோ போட்டுக் குடுத்தியே, அது என்னா?"

அழுகை நின்றது. மூன்று வாரத்துக்கு முன் அண்ணனின் டிஸ்க்கைத் திருப்பிக் கொடுக்கும்போது, உள்ளே போட என்னிடம் ஒன்றுமே இல்லை. வெறுமையாக எப்படிக் கொடுப்பது? அன்று வகுப்பில் இருந்தேன். அங்கிருந்த மெஷினிலேயே, என் பதிவேட்டை அப்படியே அதில் காப்பி எடுத்து, "நான் செஞ்சது, அண்ணன பாக்கச் சொல்லுங்க," என்று பெருமையாக அக்கா கையில் கொடுத்திருந்தேன்.

"கையில வெண்ணெய வச்சுக்கிட்டு நெய்க்கு அழுவுற," என்றார். "நான் போய்க் கேக்கவா?"

"வேணாம். கத்துனது நானு, நானே போறேன்."

ஆனால் போகவில்லை. கதவுவரை போவேன், திரும்பி வருவேன். அக்கா வீட்டு அடுப்படியில் கரண்டிச் சத்தம் கேட்கிறது. நடுவில் ஒரு சுவர்தான். நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் என்ன செய்வது? அண்ணன் அந்த டிஸ்க்கைத் துடைத்துவிட்டு வேறு கேம் போட்டிருந்தால்? அதையும் நினைத்துக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடந்தேன்.

மறுநாள் வியாழக்கிழமை, வகுப்பு நாள். பாடம் நடத்தும் சீனரிடம் புள்ளியைப் பற்றிச் சொன்னேன். அவர் ஆச்சரியமே படவில்லை. இங்கே எல்லா மெஷினிலும் ஒரு மாதமாக அது ஓடுகிறதே, நீ பார்க்கவில்லையா என்று கேட்டார். மெஷினைத் தொடங்கும்போது உள்ளே இருக்கும் டிஸ்க்கிலிருந்து வருமாம். பிறகு செருகுகிற ஒவ்வொரு டிஸ்க்கிலும் ஏறிக்கொள்ளுமாம். அது உன் எழுத்தைத் தின்னாது, பயந்துபோய் எதையும் துடைத்துவிடாதே என்றார். எனக்கு எங்கே முட்டிக்கொள்வதென்று தெரியவில்லை.

தொடங்குவதற்குச் சுத்தமான டிஸ்க் ஒன்று காப்பி எடுத்துக் கொடுத்தார். டிஸ்க்கின் பக்கவாட்டில் ஒரு சின்ன வெட்டு இருக்கும். அதை ஒளி புகாமல் மூடிவிட்டால் அந்த டிஸ்க்கில் யாரும் எதையும் எழுத முடியாது, வைரஸும் எழுத முடியாது. மூடுவதற்கான கறுப்பு ஒட்டுத்தாள் தீர்ந்துவிட்டது, வீட்டுக்குப் போய் ஏதாவது ஒட்டிக்கொள், ஒட்டாமல் செருகாதே என்றார். இவ்வளவு நாள் காந்தத்துக்கும் மழைக்கும் பயந்தவளுக்கு, ஒரு நகக்கண் அளவு வெட்டை மூடத் தெரியவில்லை.

பஸ் உட்லண்ட்ஸ் பக்கம் வந்ததும் எல்லை தாண்டி மலேசியாவின் ஜொகூருக்குப் போகும் வண்டிகளின் நெரிசலில் மாட்டிக்கொண்டது. நகரவே இல்லை. நெரிசலில் நின்றுகொண்டு விரலை விட்டு எண்ணிப் பார்த்தேன். அந்த கேம் எங்கள் வீட்டுக்கு வந்து பல மாதம் ஆகிவிட்டது. புள்ளி வந்ததோ நேற்று. இந்த மூன்று வாரத்தில் அண்ணன் வீட்டிலிருந்து கிண்ணம் வந்தது, டம்ளர் வந்தது, ஒரு டிஸ்க்கூட வரவில்லை. அவருக்கு வேலை அதிகம் போலிருக்கிறது என்று நினைத்திருந்தேன். வகுப்பு மெஷினில் காப்பி எடுத்து, நான் பெருமையாகக் கொடுத்த டிஸ்க்கில்தான் அவர்கள் வீட்டுக்கு அது போயிருக்க வேண்டும். அதற்கு மேல் பஸ்ஸில் நிற்க முடியவில்லை. இரண்டு நிறுத்தத்துக்கு முன்பே இறங்கி நடந்தேன்.

அக்காதான் கதவைத் திறந்தார். நான் என்ன சொல்வதென்று யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துவிட்டது.

"அக்கா, நாந்தான்க்கா. நான் குடுத்த டிஸ்க்லதான் அது வந்திருக்கு."

"தெரியும்மா," என்றார் அக்கா.

"தெரியுமா?"

"நீ குடுத்தத போட்ட அன்னைக்கே அந்தப் புள்ளி குதிச்சுச்சு. அண்ணன் கேம் டிஸ்க்கெல்லாம் அழிச்சுட்டாரு. இனிமே நம்ம டிஸ்க் எதுவும் அங்க போகக் கூடாது, அந்தப் புள்ளைக்குப் பரீட்ச இருக்குன்னாரு."

"அப்பவே சொல்லியிருக்கலாம்லக்கா! நேத்து நான் அவ்ளோ கத்துறேன், அப்பவாவது..."

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "குடுத்த கறி ஊசிப்போச்சுன்னு யாராச்சும் குடுத்தவங்ககிட்ட சொல்லுவாங்களா? கொட்டிட்டு, கழுவித்தான் வைப்பாங்க."

எனக்கு அங்கேயே அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அண்ணன் உள்ளேயிருந்து, "மொதல்ல உக்காரு. ஒன் பதிவேடு இருக்கிற டிஸ்க்க நான் அழிக்கல. நீ ஆசயா குடுத்ததுல்ல, தனியா எடுத்து வச்சிருக்கேன்," என்றார்.

வாத்தியார் கொடுத்த டிஸ்க்கின் வெட்டை மூட எதுவும் கிடைக்கவில்லை. அண்ணன் டேப்பைத் தேடினார், ஒளி புகும் டேப்தான் இருந்தது. அக்கா அறைக்குள் போய், தேக்காவில் வாங்கிய ஒட்டுப்பொட்டு அட்டையைக் கொண்டுவந்தார். அதில் பெரிய கறுப்புப் பொட்டாக ஒன்றை உரித்து, வெட்டின் மேல் மடித்து, இரண்டு பக்கமும் கட்டைவிரலால் அழுத்தினார்.

"பச்சப்புள்ளைக்குக் கன்னத்துல வைக்கலையா? இதுவும் அப்படித்தான்," என்றார்.

பொட்டு வைத்த டிஸ்க்கால் மெஷினைத் தொடங்கி, என் பதிவேட்டை அண்ணன் புத்தம் புது டிஸ்க்குக்கு மாற்றினார். புரோகிராம் முழுதாக இருந்தது. கடைசி மூன்று வாரத்தில் அடித்த நாற்பது குடும்பங்கள் மட்டும் இல்லை. மறுநாள் தலைவலி என்று எம்சி, அதாவது மருத்துவ விடுப்பு, எடுத்தேன். பொய்யில்லை, நிஜமாகவே மண்டை வெடித்தது. கோயில் நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாற்பதையும் மறுபடி அடித்து, முடிந்ததும் அந்த டிஸ்க்கின் வெட்டிலும் அக்கா தந்த பொட்டு ஒன்றை ஒட்டினேன். மதியம் அக்கா ரசச் சோறு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

சனிக்கிழமை சோதனைக்கு வந்தவர் என் டிஸ்க்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இது என்ன என்று பொட்டைத் தொட்டுக் கேட்டார். பாதுகாப்பு என்றேன். பதிவேடு ஓடியது. ஒரு பெண்ணின் பெயரைக் கொடுத்ததும் அவள் ஞானஸ்நானத் தேதி வந்து நின்றது. அடுத்த மாதம் சான்றிதழ் வந்தது, அதற்கடுத்த மாதம் புதிய பிரிவில் எனக்கு ஒரு நாற்காலியும் வந்தது. பிறகு பார்ப்போம் என்று சொல்லப்பட்டவர்களில் இரண்டு பேரை அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை.

பதற்றம் என்னை விட்டுப் போனதா என்றால், இல்லை. இன்றைக்கும் கைப்பேசியில் யாராவது எதையாவது அனுப்பி, திறந்து பாருங்கள் என்றால் எழுந்து நடக்க ஆரம்பித்துவிடுவேன். ஆனால் 'ஆமா'வைத் தட்டுவதற்கு முன் வாயை மூடிக்கொள்கிறேன். அது அன்று கற்றது.

சோதனை முடிந்த ஞாயிற்றுக்கிழமை, என் பதிவேடு இருந்த அண்ணனின் பழைய டிஸ்க்கை, துடைத்துத் தருவதாகச் சொல்லி வாங்கி வந்திருந்ததை, திருப்பிக் கொடுக்கப் போனேன். பொட்டு வைத்த டிஸ்க்கால் தொடங்கி, அதைச் சுத்தமாகத் துடைத்திருந்தேன். ஒருமுறைக்கு மூன்றுமுறை சரிபார்த்தேன். அதன் வெட்டிலும் ஒரு கறுப்புப் பொட்டை மடித்து ஒட்டியிருந்தேன். கொடுக்கும்போது, இத்தனை வருஷப் பழக்கம், கை கூசியது.

அக்கா கேட்டார். "உள்ள என்னா வச்சிருக்க?"

"ஒண்ணும் இல்லக்கா. வெறுமையாத்தான் கொண்டாந்தேன்."

அக்கா டிஸ்க்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் அதை வாங்கி மார்போடு வைத்துக்கொண்டு, "நல்லா இரும்மா," என்றார்.